விஜயலட்சுமி ஆடிய காலத்தில் நாமும் ஆடினோம்

தொண்ணூறுகளில் சென்னையில் செஸ் ஆடியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், நானே ஆரம்பிக்கிறேன். சுருட்டிய ரெக்சின் போர்டு, பிளாஸ்டிக் காய், தயிர் சாத டப்பா எல்லாம் ஒரே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிப் போட்டிகளுக்குப் போவேன். செஸ் வீராங்கனை எஸ். விஜயலட்சுமி பெயர் எங்கள் வீட்டில் தினமும் அடிபடும், எனக்கு விழும் திட்டாக. "அந்தப் பொண்ணு பத்து வயசுக்குட்பட்ட பொண்ணுங்க நேஷனல ஜெயிச்சிடுச்சு, நீ கடிகாரத்த அமுக்கவே மறக்குற" என்பார் அப்பா. பொய்யில்லை. ஒரு மாவட்டப் போட்டியில் யானை ஒன்று கூடுதலாக வைத்திருந்தேன், காயை நகர்த்தினேன், தாளில் எழுதினேன், கடிகாரத்தை மட்டும் அமுக்கவில்லை. எதிரே இருந்தவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என் நேரம் தீர்ந்து கடிகாரத்தின் கொடி விழும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். 1995-ல் விஜயலட்சுமி தேசிய மகளிர் சாம்பியன் ஆனார், என் போர்டு பரணுக்குப் போனது.

—

நான் ஆடுகிற ஆள் இல்லை, பேப்பரில் செஸ் செய்தியை வெட்டி ஒட்டுகிற ஆள். நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாடில், 2000 இஸ்தான்புல்லில் முதல் பலகையில் விஜயலட்சுமிக்குத் தனிநபர் வெள்ளி, 2002-ல் ஸ்லோவேனியாவின் பிளெடிலும் அதே. முதல் பலகை என்றால் எந்த நாட்டோடு மோதினாலும் பெரும்பாலும் அந்த அணியின் முதல் ஆள்தான் எதிரே வந்து உட்காருவார், அதுவும் அப்போது பெண்கள் அணிக்கு மூன்றே பலகை, ஒருவர் சறுக்கினால் தாங்குவதற்கு மற்ற இருவர்தான். ஆனால் அதே 2002-ல் ஆந்திராவின் கோனேரு ஹம்பி 15 வயதில் செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் வாங்கினார், என் நோட்டில் இன்றைக்கும் முழுப்பக்கம் அவர்தான். பிளெட் வெள்ளி ஓரத்தில், பசை காய்ந்து பாதி பிய்ந்து கிடக்கிறது. யாரைக் குறை சொல்ல, ஒட்டியவன் நான்தானே.

—

எங்கள் ஆபீஸில் ஒருமுறை சண்டையே வந்தது, இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் ஹம்பியா விஜயலட்சுமியா என்று. ரெண்டு பேரும் சரி. மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் தனி, அதற்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் தரப்புள்ளி, 2300 வேண்டும். ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான கிராண்ட்மாஸ்டருக்கு 2500. முன்னதை முதலில் வாங்கிய இந்தியர் விஜயலட்சுமி, பின்னதை வாங்கிய முதல் இந்தியப் பெண் ஹம்பி. எனக்குப் பெரிதாகப் படுவது கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம்தான், அதுவும் பொதுவானது, அதை வாங்கிய முதல் இந்தியப் பெண்ணும் விஜயலட்சுமியே. அப்புறம் தங்கை மீனாட்சியும் மகளிர் கிராண்ட்மாஸ்டர், இன்னொரு தங்கை பானுப்பிரியாவும் ஆடுவார். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

—

முதலில் எழுதியவள்தான். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கிய வாரம், மகள் கேட்டாள் என்று போர்டைப் பரணிலிருந்து இறக்கினேன். கறுப்புக் குதிரை ஒன்று காணோம். அந்தக் கட்டத்தில் இப்போது புளியங்கொட்டை நிற்கிறது.