நியோ-அராமிக்: நவ, புது, இக்கால?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேற்காசிய மொழிகள் பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலைப் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இன்று பேசப்படும் அரமேய மொழிகளுக்குத் தனி விக்கிப்பீடியா தேவையா என்பதுதான் அந்த இயலின் கேள்வி. இப்போது இருப்பது ஒன்று. அதன் குறியீடு 'ஏஆர்சி'. மொழிக்குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ பட்டியலில் அது கி.மு. 700 முதல் 300 வரையிலான அரசாங்க அரமேயத்துக்கு உரியது. கட்டுரைகளோ சிரியாக் எழுத்தில், பழைய சிரியாக்கும் (அரமேயத்தின் பழைய இலக்கிய, வழிபாட்டு வடிவம்) இன்றைய வழக்கும் கலந்து வருகின்றன. இன்றைய மொழிகளைக் குறிக்கும் 'நியோ-அராமிக்' என்பதை 'நவ அரமேயம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

> 'நவ அரமேயம்' என்று எழுதியிருக்கிறேன்

தமிழில் 'புது' இருக்க 'நவ' எதற்கு? புதுமை + ஆண்டு புத்தாண்டு. புதுமை + ஆடை புத்தாடை. ஈறு போய்த் தன்னொற்று இரட்டும். அந்த வழியில் இது 'புத்தரமேயம்'. நன்னூல் கற்றவர் யாரும் மறுக்க முடியாது.

---

ஐயா, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வகுப்பில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் 'புத்தர்' என்று பிரித்துப் படித்துவிட்டு நிற்கிறார்கள். கலைச்சொல் பார்த்ததும் விளங்க வேண்டும். என் வாக்கு 'இக்கால அரமேயம்'.

---

சொல்லாக்கத்துக்கு முன் ஒன்று. மாற்கு 14:36இல் இயேசு 'அப்பா' என்று அழைக்கிறார். அது அரமேயச் சொல். நம் அப்பாவும் அதுவும் ஒன்றே என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இந்த உறவு பெயரிலும் தெரிய வேண்டாமா?

---

அம்மா, அரமேயத்தில் வேர் 'அப்'. இறுதி 'ஆ' பெயரைச் சுட்டும் விகுதி. எபிரேயத்தின் 'அவ்', அரபியின் 'அபூ' எல்லாம் அந்தக் குடும்பம். இன்று பேசப்படும் அரமேய மொழிகளில், சுரெத்தில் தந்தை 'பாபா', துரோயோவில் 'பாபோ'. குழந்தை வாயில் ப-வும் ம-வும் எங்கும் முதலில் வருபவை. அதைக் கொண்டு இனம் காட்ட முடியாது.

'இக்கால' என்பதே எனக்கும் சரி. ஆனால் 'அரமேயம்' என்று ஒருமையில் எழுதினால் இயலின் கேள்விக்கே தவறான விடை சொன்னதாகிவிடும். 'நான் கண்டேன்' என்பதைப் பாருங்கள். பழைய சிரியாக்கில் 'ஹ்ஸீத்'. துரோயோவில் 'ஹ்ஸேலி': 'காணப்பட்டது' என்ற எச்சத்தோடு 'எனக்கு' என்பதைக் குறிக்கும் 'லி' ஒட்டியது. சுரெத்திலும் அதே அமைப்பு. சிரியாவின் மாலூலாவிலும் அதன் அண்டை ஊர்களிலும் பேசப்படும் மேற்கு மொழி மட்டும் பழைய வினைத்திரிபை இன்னும் வைத்திருக்கிறது. பழைய சிரியாக்கு எதெஸ்ஸா என்ற பழங்கால நகரின் வழக்கிலிருந்து வளர்ந்தது. இன்றைய மொழிகள் எதுவும் அதன் நேர்ப் பிள்ளை இல்லை. அதனால் யாராவது 'கிளைமொழி' என்று சொல்லும்முன் தடுத்துவிடுகிறேன்.

எழுத்தும் வேறு வேறு. ஈரானின் உருமியாவில் 1840இல் அச்சகம் வந்து, 1849 முதல் 'ஸஹ்ரீரே த்-பஹ்ரா' என்ற இதழ் சுரெத்தில் கிழக்குச் சிரியாக் எழுத்தில் வெளிவந்தது. துருக்கியின் தூர் அப்தீனிலிருந்து ஸ்வீடனுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1980களில் துரோயோவை லத்தீன் எழுத்தில் பாடநூலாக்கினார்கள். ஸ்வீடனின் ஸோடெர்தாலியே நகரில் லத்தீன் எழுத்தில் துரோயோ படித்த ஒருவர் இன்றுள்ள தளத்தைத் திறந்தால் எதைத் திருத்துவார்? சுரெத்துக்கு 'ஏஐஐ', துரோயோவுக்கு 'டிஆர்யூ' என்று தனிக் குறியீடுகள் உண்டு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் விதிப்படி குறியீடு இருந்தால் மட்டும் போதாது. சோதனைக் களத்தில் தொடர்ந்து எழுதும் ஆட்களும் வேண்டும். அந்த ஆட்கள் தங்கள் மொழியில் எழுதத் தொடங்குவதற்கே ஒரு தனி இடம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

கோட்டயத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தேவாலய வழிபாடான குர்பானாவில் ஒலிப்பது பழைய சிரியாக்கு. அதற்கும் இணையத்தில் இடம் இருக்கிறது என்றால் இந்தத் தளத்தில்தான். அதைப் பிரித்தால் இரு பக்கமும் ஆள் இல்லாமல் போய்விடும். இன்று அரமேயம் பேசுவோர் ஊர் சிதறிய மக்கள். 2013இல் மாலூலா தாக்கப்பட்டதும் பலர் வெளியேறினார்கள். நாலைந்து வெறுந்தளங்களைவிட எல்லாரும் எழுதும் ஒரு தளம் மேல்.

---

இந்தக் கவலை நியாயமானது. பழைய சிரியாக்குக்கு இப்போதுள்ள தளத்தை விட்டுவிட்டு, சுரெத்துக்கு முதலில் தனித்தளம் கேட்கலாம். பேசுவோர் அதற்குத்தான் மிகுதி. மாலூலா மொழிக்கு அவசரமில்லை.

---

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி 'இக்கால அரமேய மொழிகள்' என்று பன்மையில் அனுப்பிவிட்டேன். கோட்டயத்து நண்பரின் வாதத்தை முன்னுரைக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

---

எனக்கு உடன்பாடில்லை. 'இக்கால' என்பது இன்னும் நூறாண்டில் எக்காலம்? 'புத்தரமேய மொழிகள்' என்றும் பன்மையில் எழுதலாமே. சொற்பட்டியலிலாவது மாற்றுச்சொல்லாகப் போடுங்கள். அப்புறம், மாலூலா மொழியை 'மேற்கு' என்று எழுதாதீர்கள். 'மேலை அரமேயம்' என்பதே தமிழ்.