ஸ்விஃப்ட் டிக்கிக்கு போர்ட் பெட்டி சரிவருமா?

வணக்கம் நண்பர்களே. ஸ்விஃப்ட் கார் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), மூடிய பெட்டி. பறை அடி சுத்தமாக விழுகிறது. ஆனால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை. நம்பர் பிளேட் மட்டும் ஜோராக ஆடுகிறது! ஆம்பில் லோ-பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஃபேஸையும் திருப்பிப் பார்த்தாயிற்று.

35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த போர்ட் பெட்டிக்கு (காற்றுக் குழாய் வைத்த பெட்டி) மாறலாமா? பெட்டி பெரிதாகும், டிக்கி போச்சு, வீட்டில் திட்டு வேறு. பரவாயில்லை. கார் உதிரிக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் ரெடிமேட் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். போர்ட் நீளம் தப்பினால் பேஸ் கொழகொழத்துவிடுமே. ஸ்பீக்கருக்கேற்ற கன அளவு கணக்கிட்டு, 18 எம்எம் எம்டிஎஃப் பலகையில் அடித்துத் தருபவர் சென்னையில் யாராவது இருக்கிறார்களா? கூலி எவ்வளவு ஆகும்?