போன் இன்டர்வியூ: முதலில் போனைத் தயார் பண்ணுங்க

கேள்வி பதிலுக்கு முன்னாடி செட்டிங்ஸைப் பாருங்க. ஐபோனில் தெரியாத எண்களைச் சைலன்ஸ் பண்ணும் வசதி ஆனில் இருந்தா, எச்ஆர் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. ஆண்ட்ராய்டில் ஸ்பேம் தடுக்கும் ஆப்களும் இதே வேலையைச் செய்யும். தொந்தரவு வேண்டாம்னு டிஎன்டி போட்டு, வரவேண்டிய காலையே தடுத்துக்கிறதும் நடக்கும். நடுவில் பீப் சத்தம் வராம இருக்க #43# டயல் பண்ணி கால் வெயிட்டிங்கை நிறுத்தலாம். பெரும்பாலான ஜிஎஸ்எம் (செல்போன்) நெட்வொர்க்கில் இது வேலை செய்யும். இன்டர்வியூ முடிஞ்சதும் *43# டயல் பண்ணி மறுபடி ஆன் பண்ணிக்கோங்க.

---

ஒரு எச்சரிக்கை: கால் வெயிட்டிங்கை நிறுத்தினால், நீங்கள் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது எச்ஆருக்கு பிஸி டோன்தான் கேட்கும். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே லைனைக் காலியாக வையுங்கள்.

---

சத்தம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. சாதாரண போன் லைனில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் போகும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். எச்டி வாய்ஸ் என்ற கூடுதல் தெளிவுள்ள அழைப்பில் சுமார் 7000 வரை போகும், ஆனால் இரண்டு முனையிலும் நெட்வொர்க்கிலும் அது இருக்க வேண்டும். ஆகவே மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் சம்பளப் பேச்சில் வந்தால் வினைதான். "ஒன் ஃபைவ்" என்று ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கரில் போடவே வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால், எதிரொலியைத் தடுக்கும் மென்பொருள் ஒருவர் குரலை அமுக்கிவிடும். அவர் குறுக்கிட்டது உங்களுக்குக் கேட்காமலே போகும். ஒயர் ஹெட்செட் போதும். மைக் வாய்க்கு நேராக இருந்தால் மூச்சுக் காற்று 'புஸ்' என்று அடிக்கும், கன்னத்தோரம் தள்ளி வையுங்கள். மைக் சட்டைக் காலரில் உரசாமலும் பாருங்கள்.

---

செட்டிங்ஸ் எல்லாம் சரி, பேச்சுக்கு வருவோம். முழுப் பதிலையும் எழுதி வைத்துப் படிக்காதீங்க. குரல் ஒரே சீராப் போறதை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க. வேலை விளம்பரத்தில் அவங்க கேட்ட ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, அதைக் காட்டுற மாதிரி நீங்க செஞ்ச வேலை ஒண்ணு, கூடவே அதன் அளவைச் சொல்ற ஒரு எண், இவ்வளவு மட்டும் குறிச்சு வைங்க. ஒரே பக்கம், ஒரே தாள். புரட்டினா சரசரப்பு கேட்கும், கீபோர்டு தட்டினா அதைவிட மோசம்.

பதில் ஒன்றரை நிமிஷம் தாண்ட வேண்டாம். நேரில்னா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கலாம், இங்க அது இல்லை. யோசிக்கணும்னா "ஒரு நிமிஷம், யோசிச்சுச் சொல்றேன்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. சும்மா அமைதியா இருந்தா லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு "ஹலோ, ஹலோ" ஆரம்பிச்சிடுவாங்க. கேள்வி முடிஞ்சதும் அரை நொடி விட்டுப் பேசுங்க. செல்போனில் குரல் கொஞ்சம் தாமதமாத்தான் போய்ச் சேரும். உடனே ஆரம்பிச்சா அவர் கடைசி வார்த்தை மேலே ஏறிடும்.

ரெண்டு மூணு பேர் லைனில் இருந்தா, அறிமுகம் பண்ணும்போதே பெயரையும் பொறுப்பையும் வரிசையா எழுதிக்கோங்க.

---

கால் கட்டானால்? உடனே திரும்ப அடிக்காதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் இருவருக்கும் பிஸிதான். அழைத்தவரே கூப்பிட இரண்டு நிமிடம் விடுங்கள், வராவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள். சில அலுவலகங்களின் பொது எண்ணுக்குத் திரும்ப அடித்தால் ரிசப்ஷனில்தான் போய் நிற்கும், அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே அவருடைய நேரடி எண்ணைக் கேட்டு அந்தத் தாளின் மூலையில் எழுதி வையுங்கள்.