கலைச்சொல்: அணு உலைக் கடன்ல 'முதல்சேர் வட்டி'ன்னு வைக்கலாமா?

//இன்ட்ரஸ்ட் ட்யூரிங் கன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 'கட்டுமானக் கால வட்டி'ன்னு ஏற்கனவே இருக்கே, புதுசா எதுக்கு?//

அண்ணே, இருக்குதான், தப்பான சொல்லும் இல்ல. ஆனா அதப் படிக்கிறவங்களுக்கு வட்டி எந்தக் காலத்துக்குன்னு தெரியுதே தவிர அது எங்க போய் உக்காருதுன்னு தெரியல. அணு உலைக்கு வாங்குற கடன்ல ஆபத்தே அங்கதான் இருக்கு. உலை ஓடி கரண்ட் வித்தாதான் காசு, அதுவரைக்கும் வட்டி கட்ட வருமானம் கெடையாது, அதனால ஓடுற வட்டிய அப்படியே அசல்ல சேத்துக்கிட்டே போறாங்க. எங்க காரைக்குடிப் பக்கம் இதத்தான் 'வட்டிய முதல்ல சேத்துட்டாங்க'ன்னு சொல்லுவோம், முதல்னா அசல். அதுலேருந்துதான் 'முதல்சேர் வட்டி'ன்னு கேக்குறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பத்தாயிரம் கோடி கடன், 9% வட்டி, அஞ்சு வருஷத்துல கட்டி முடிக்கிறோம்னு வருஷம் பொறக்குறப்ப ரெண்டாயிரம் ரெண்டாயிரமா எடுக்குறோம். அஞ்சாம் வருஷக் கடைசில கடன் ஏறக்குறைய 13,050 கோடியா நிக்கும். சரி, பொறுத்துக்கலாம். இப்ப உலை கட்டி முடிஞ்சும் போராட்டமோ கோர்ட்டோ மிஷின் கோளாறோ ஏதோ ஒண்ணால இன்னும் அஞ்சு வருஷம் ஓடலன்னு வைங்க, ஒரு செங்கல் கூட புதுசா வைக்காம கடன் 20,000 கோடியத் தாண்டிருது. அந்த ரெண்டாவது அஞ்சு வருஷத்த 'கட்டுமானக் காலம்'னு எப்படிச் சொல்றது? கட்டுமானமே நடக்கலையே. முதல்சேர் வட்டின்னா ரெண்டையும் புடிச்சுக்கும்.

வேற சொற்கள் வந்ததையும் சொல்லிடறேன். தேவகோட்டை ஆச்சி 'முன்வட்டி'ன்னாங்க, சின்னதா அழகா இருக்கு, ஆனா கடன் குடுக்குறப்பவே வட்டியப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தக் கையில தர்றாங்கல்ல, எல்லாருக்கும் அதுதான் நெனப்பு வரும். 'கட்டுகால வட்டி'ன்னு ஒருத்தர் எழுதுனாரு, வட்டி கட்டுறதுன்னாலே செலுத்துறதுதானே, அப்ப அர்த்தம் நேர் தலைகீழாப் போயிருது. 'முதலேறு வட்டி' எனக்கே பிடிச்சுது, வாய்விட்டுச் சொன்னா முதல் ஏர் பூட்டுற மாதிரி கேக்குது, வேணாம்.

பிலிப்பைன்ஸ் கதை தெரியாதவங்க இந்தச் சொல் எதுக்குன்னு கேக்கத்தான் செய்வாங்க. பட்டான் உலை, 621 மெகாவாட், வெஸ்டிங்ஹவுஸ் கட்டுனது, 1976ல ஆரம்பிச்சாங்க. அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடனும் ஜாமீனும் குடுத்துச்சு. செலவு 200 கோடி டாலரத் தாண்டிருச்சு. 1986ல அதிபர் மார்கோஸ் ஆட்சி போச்சு, அதே வருஷம் சோவியத் யூனியன்ல செர்னோபில் அணு உலை வெடிச்சுது, உலைய ஓட்டாமலே மூடி வச்சுட்டாங்க. ஒரு யூனிட் கரண்ட் கூட வரல. ஆனா அந்த நாட்டு ஜனங்க 2007 வரைக்கும் கடன் கட்டுனாங்க. உலை கட்ட ஆரம்பிச்சப்ப பொறந்த புள்ளைக்கு அப்ப முப்பது வயசு தாண்டிருச்சு. எனக்கு இத நெனச்சா இன்னைக்கும் மனசு ஆற மாட்டேங்குது.

//வங்கிக்கு ரிஸ்க் இல்லையா? அவங்க ஏன் குடுக்குறாங்க?//

இதுக்கு எங்க ஊர்க்காரங்களுக்குப் பதில் தெரியும். எங்க பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவுல கடன் குடுத்தப்ப ஈடு நிலம். 1930 வாக்குல நெல் விலை விழுந்துச்சு, கடன் திரும்பல, நிலம் வந்து சேந்துச்சு, 1930கள் முடியுறப்ப கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில. வித்துக் காசாக்க முடியல, 1942ல ஜப்பான்காரன் வந்தான், சுதந்திரத்துக்கு அப்புறம் நிலம் அரசாங்கத்துக்கே போயிருச்சு. ஈடு கணக்குல இருந்தா மட்டும் போதாது, எடுத்து விக்க முடியணும். அணு உலைய எந்த வங்கி ஜப்தி பண்ணி ஏலம் போடும்? அதான் அவங்க உலைய நம்பிக் குடுக்குறதே இல்ல, அரசாங்க ஜாமீன நம்பித்தான் குடுக்குறாங்க. உலை ஓடலன்னாலும் வரிப்பணத்துலேருந்து தவணை வந்துரும். உலக வங்கியே 1959ல இத்தாலியோட கரிலியானோ உலைக்குக் கடன் குடுத்ததோட நிறுத்திக்கிச்சு, அந்தத் தடைய 2025 ஜூன்லதான் நீக்குனாங்க. இனிமே வளர்ற நாடுகளுக்கு இந்தக் கடன் இன்னும் கூடும், அதுக்குள்ள நமக்குச் சரியான சொல் இருக்கணும்னுதான் நான் இவ்வளவு அவசரப்படுறேன்.

இன்னொண்ணு, நாணயம். கடன் டாலர்ல, கரண்ட் பில்லு உள்ளூர்க் காசுல. வங்கதேசத்து ரூப்பூர் உலை, 1,200 மெகாவாட்ல ரெண்டு, 1,265 கோடி டாலர், அதுல 90% ரஷ்யக் கடன். 2022 ஆரம்பத்துல ஒரு டாலருக்கு 86 டாக்கா (அவங்க நாட்டுக் காசு), அந்த வருஷமே நூறத் தாண்டிருச்சு. அது போதாதுன்னு உக்ரைன் போரால ரஷ்ய வங்கிங்க மேல தடை, தவணைய அனுப்பவே வழியில்லாம சீன யுவான்ல கட்டலாம்னு 2023ல பேச்சு நடந்துச்சு. காசு வச்சிருந்தும் கட்ட முடியாத நெலம, இதுக்கும் ஒரு சொல் வேணும், அது தனி இழையா வரட்டும்.

//முதல்சேர் வட்டின்னா கேப்பிட்டலைஸ்டு இன்ட்ரஸ்ட் எல்லாத்துக்கும் பொருந்துமே?//

அசல்ல சேக்குற எந்த வட்டிக்கும் பொருந்தும், ஒத்துக்குறேன். படிப்புக் கடன்லயும் இப்படிச் சேக்குறாங்க. அதனால கட்டுரைல மொத தடவ 'உலை ஓடுமுன் முதல்சேர் வட்டி'ன்னு நீட்டி எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம். நம்ம கலைச்சொல் பட்டியல்ல 'கட்டுமானக் கால வட்டி'யையும் பக்கத்துல போட்டு வைங்க, பாடப்புத்தகத்துல அதப் படிச்சவங்க தேடி வருவாங்க.

சாவரின் கியாரண்டிக்கு, அதாவது கடனுக்கு அரசாங்கமே பொறுப்பேத்துக்குறதுக்கு, பட்டியல்ல 'இறையாண்மை உத்தரவாதம்'னு போட்டிருக்கீங்க. 'அரசு ஜாமீன்'னு மாத்துங்கண்ணே, ஜாமீன் போட்டவன் தலையில கடன் விழும்னு சந்தைக்கு வர்ற ஆளுக்குக் கூடத் தெரியும். எதிர்க்கிறவங்க இருந்தா பட்டியல் இறுதியாகுறதுக்கு முன்னாடி எழுதுங்க.