நேரம் குறித்து வைத்த பதிவு கைவிட்ட அனுபவம் உண்டா?

காட்பாடி:
திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வானொலியில் கேட்பது, நடமாட்டம் குறைந்துவிட்ட என் தாயாருக்கு ஆண்டுக்கொரு முறை வாய்க்கும் பேறு. இந்த முறை அதே வேளையில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்ததால், ஆகாசவாணியின் இணைய ஒலிபரப்பைக் காலை 9 முதல் 10 மணி வரை பதியும்படி விண்டோஸில் குறித்த நேரத்துக்குப் பணிகளைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் வி.எல்.சி. பிளேயரைக் குறித்துவிட்டுக் கிளம்பினோம். மாலையில் திரும்பியபோது கோப்பு இருந்தது. பெயரில் 0900 என்று இருந்தது. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு வரவேண்டிய 57 எம்.பி. அளவும் இருந்தது. நாட்டை ராகம் எழும் என்று அம்மா கண்களை மூடிக் காத்திருக்க, யாரோ ஓர் அறிவிப்பாளர் பிற்பகல் நிகழ்ச்சியை அறிவித்தார். திரையின் மூலையில் மணி 12.40. சுவர்க் கடிகாரத்தில் 6.10.

ஐந்தரை மணி நேரம் என்றதுமே உங்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும். முந்தைய இரவு என் மகன் அதே கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் நிறுவியிருந்தான்; இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியை நான் எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். அவன் செய்ததுதான் இத்தனைக்கும் காரணம். "பாட்டு வரலையாப்பா?" என்று அம்மா கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது.

குடியாத்தம்:
எங்களுக்கு வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெளியூரில் இருக்கும் தங்கைக்காக நேரலையை ஓ.பி.எஸ். என்ற பதிவு மென்பொருள் மூலம் பதியவிட்டுவிட்டுத் தெருவுக்குப் போனேன். மின்சாரம் நின்றது, பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. 2 ஜி.பி.க்கு மேல் எம்.பி.4 கோப்பு இருந்தும் எந்தப் பிளேயரும் அதைத் திறக்க மறுத்தது. அழித்துவிடலாமா என்று பலமுறை கைபோயும், மனம் வரவில்லை.

ராணிப்பேட்டை:
காட்பாடி ஐயா மகன் மீது பழி சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இரண்டுமே தத்தம் வழக்கப்படிதான் நடந்துகொண்டன. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.

என் அனுபவம் சிறியது. 9 மணிக்கு ஒரு பதிவைக் குறித்துவிட்டு, மின்வெட்டு வந்தாலும் மடிக்கணினி பேட்டரியில் ஓடுமே என்று நம்பியிருந்தேன். 9.03க்குத் திரை ஒளிர்கிறது, விசிறி சுழல்கிறது, ஆனால் கோப்புறை காலியாக இருக்கிறது. மின்இணைப்பு இருந்தால் மட்டுமே பணியைத் தொடங்கு என்ற நிபந்தனை டாஸ்க் ஷெட்யூலரில் இயல்பாகவே குறியிடப்பட்டிருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கணினியை உறக்கத்தில் விட்டுச் செல்பவர்கள், பணிக்காகக் கணினியை எழுப்பும் தேர்வை அதே பக்கத்தில் குறியிடுவதோடு நிற்காமல், பவர் ஆப்ஷன்ஸில் எழுப்பும் டைமர்களுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அது எழாது. முந்தைய இரவே இரண்டு நிமிடப் பதிவு ஒன்றைக் குறித்து, கணினியை உறங்கவிட்டு, எழுகிறதா என்று பாருங்கள். குடியாத்தம் நண்பரே, அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். வழக்கமான எம்.பி.4 தன் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதுகிறது. இடையில் நின்றால் படமும் ஒலியும் உள்ளே இருந்தும், எது எங்கே என்று பிளேயருக்குத் தெரிவதில்லை. அதே அமைப்பில் ஐந்து நிமிடம் பதிந்து ஒழுங்காக முடித்த கோப்பை மாதிரியாகக் கொடுத்து பாதியில் நின்ற கோப்புகளை மீட்கும் 'அன்ட்ரங்க்' (untrunc) மென்பொருளை ஓடவிடுங்கள். இனி எம்.கே.வி. கோப்பு வடிவில் பதியுங்கள், மின்சாரம் நின்றாலும் அதுவரை பதிந்தது கிடைக்கும்.

காட்பாடி:
மகன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அவனைத் திட்டியிருந்தேன், இன்றே பேசுகிறேன்.

குடியாத்தம்:
ஓடவிட்டேன், திறந்தது. பம்பை ஓசை படத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது, ஆனால் சிரசின் மேல் மாலைகள் வந்து விழுவது தெளிவாகத் தெரிகிறது. தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.