கட்டுரையில் மியூ எல்லாம் எம் ஆகிவிட்டது, ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. உதவி வேண்டும்

காரைக்குடி ஆய்வு மாணவி

வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் கட்டுரையை மூன்று நாளைக்கு முன் ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை. ஆய்விதழ் ஆசிரியர் கைக்குப் போகும் முன் நடக்கும் தொழில்நுட்பச் சரிபார்ப்பிலேயே நிறுத்தி, திருத்தி ஏற்றச் சொல்கிறார்கள். 14 நாள் அவகாசம். வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூரில் இருக்கிறார், அவர் வரும் முன் என்னால் முடிந்ததைச் சரிசெய்து வைக்க வேண்டும்.

ஆய்வு செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றியது. பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டு வளவுச் சுவரிலிருந்து தானாக உதிர்ந்த மேல்பூச்சு ஒரு கைப்பிடி. அதோடு ஒப்பிட, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பழைய முறையிலேயே ஒரு கொத்தனார் பூசித் தந்த புது மாதிரி. இரண்டுக்கும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல், அகச்சிவப்பு நிறமாலை, சூடாக்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் வெப்ப எடைப் பகுப்பாய்வு, மின்னணு நுண்ணோக்கிப் படங்கள்.

அவர்கள் சொன்ன குறைகள் நான்கு. வரைபடங்கள் தெளிவில்லை. "45 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பொடி" என்று இருக்கிறதே, சரிதானா என்று கேட்கிறார்கள். நான் அடித்தது 45 மைக்ரோமீட்டர்! என் கோப்பில் இப்போது திறந்தாலும் மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான மியூதான் தெரிகிறது. அவர்களுடைய இணையதளம் கோர்த்துத் தரும் பி.டி.எஃப்-ல் மட்டும் எம். மூன்றாவது, மாதிரி எடுத்ததற்கு வீட்டு உரிமையாளர் அனுமதி பற்றி ஒரு வரி வேண்டும். நான்காவது, இது எழுதியவரும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாத இருபுற மறைமுக மதிப்பாய்வு, நன்றியுரை முதன்மைக் கோப்பில் இருக்கக் கூடாது.

சுருக்கத்தை இங்கே போடுகிறேன். பழைய மாதிரியில், எக்ஸ்-கதிரில் 29.4 டிகிரியில் கால்சைட்டின் (கால்சியம் கார்பனேட் படிகம்) முதன்மை உச்சம், 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை 46.2 சதவீத எடை இழப்பு, 874, 712 அலை எண்களில் கார்பனேட் பட்டைகள். வேறு எங்காவது தப்பு தெரிந்தாலும் சொல்லுங்கள்.

தேவகோட்டை டி.டி.பி. மையம்

தங்கச்சி, முதலில் அந்த எம் விஷயம். இருபது வருடமாக ஆய்வேடு அடித்துக் கொடுக்கிறேன், இது எனக்கு நன்றாகப் பழகின வியாதி.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும்? ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து குப்பையாக நிற்கும். கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான், பாமினி அதன் மேல் தமிழ் முகமூடி போடுகிறது. நாம் 'அ' வர எம் விசையைத்தானே தட்டுகிறோம்? சிம்பல் என்ற ஃபான்ட்டும் அதே மாதிரிதான். அதில் எம் தட்டினால் மியூ, கியூ தட்டினால் தீட்டா, பெரிய டி தட்டினால் டெல்டா. யாரோ ஒரு சீனியர் உங்களுக்கு "எம் அடித்துவிட்டு ஃபான்ட்டை சிம்பலாக மாற்று" என்று சொல்லிக் கொடுத்திருப்பார். உங்கள் கணினியில் மியூவாகத்தான் தெரியும். ஆய்விதழின் சர்வர் எல்லாவற்றையும் ஒரே ஃபான்ட்டுக்கு மாற்றும்போது முகமூடி கழன்றுவிடும்.

அதனால் சல்லடை மட்டும் போயிருக்காது. எக்ஸ்-கதிர் கோணத்தைக் குறிக்கும் டூ தீட்டா எல்லாம் டூ கியூ ஆகியிருக்கும், போய்ப் பாருங்கள்.

கண்டுபிடிக்க வழி: கோப்பை இன்னொரு பிரதி எடுங்கள். முழுவதையும் தேர்வு செய்து ஃபான்ட்டை டைம்ஸ் நியூ ரோமன் ஆக்குங்கள். வேஷம் போட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசல் கோப்பில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மியூவுக்கு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0181. தீட்டா, டெல்டாவுக்கு இன்செர்ட் போய் சிம்பல் ஜன்னலைத் திறந்து, ஃபான்ட் பெட்டியில் 'நார்மல் டெக்ஸ்ட்' வைத்துவிட்டு, கிரேக்க எழுத்துப் பகுதியிலிருந்து எடுங்கள். சிம்பல் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் மறுபடி அதே கதைதான். மொத்தமாக ரீப்ளேஸ் கொடுத்துவிடாதீர்கள். உண்மையான மில்லிமீட்டரும் கட்டுரையில் இருக்கும், பூச்சின் கனம் எல்லாம் மைக்ரோமீட்டர் ஆகிவிடும்.

திருச்சி, இயற்பியல் துறை

படங்களுக்கு: ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, வேர்டில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி படமாகச் சேமித்தீர்களா? பலர் செய்வது அதுதான். வேர்ட் சேமிக்கும்போதே படத்தைச் சுருக்கிவிடும். ஆரிஜினிலிருந்தே நேராக பி.டி.எஃப் அல்லது இ.பி.எஸ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அது வெறும் கோடுகளின் கணக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

டிஃப் என்ற பட வடிவில்தான் வேண்டும் என்று கேட்டால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பத்தி அகலம் பல ஆய்விதழ்களில் 90 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3.54 அங்குலம். புகைப்படத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் அகலம் 1063 பிக்சல் இருக்க வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு 1000 கேட்டால் 3543 பிக்சல். 750 பிக்சல் படத்தை எடுத்துப் பண்புகளில் 1000 என்று எண்ணை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. தண்ணீர் ஊற்றிப் பாலைப் பெருக்கினது போலத்தான்.

அப்புறம் நுண்ணோக்கிப் படத்தின் அடியில் கருவி அச்சிடும் பட்டையை வெட்டினால், அளவுகோலைப் புதிதாக, படிக்கும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். அதிலும் மைக்ரோமீட்டர் இருக்கும், மியூவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை, பகுப்பாய்வு வேதியியல்

யாரும் இதைக் கவனிக்கவில்லையா? அந்த 46.2 சதவீதம் நடக்க முடியாத எண்.

கால்சியம் கார்பனேட் 100 கிராம் முழுவதும் சிதைந்தால் 44 கிராம் கரியமில வாயு போகும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். மாதிரி சுத்தமான கால்சைட்டாக இருந்தாலே உச்சம் 44தான். உங்கள் பூச்சில் மணலும் இருக்கும், ஈரமும் இருக்கும், அதனால் அதற்கும் கீழேதான் வர வேண்டும். மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டோலமைட் கலந்திருந்தால் 44-ஐத் தாண்டலாம் (சுத்த டோலமைட்டுக்கு 47.7), ஆனால் எக்ஸ்-கதிரில் கால்சைட்டைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், டோலமைட்டைச் சொல்லவில்லை.

இதைச் சரிபார்ப்பு அலுவலகம் பார்க்காது, மதிப்பாய்வாளர் பார்ப்பார். சுருக்கத்திலேயே இப்படி ஒரு எண்ணைக் கண்டால் மீதி எண்களையும் அவர் நம்ப மாட்டார். எழுத்துரு திருத்தத்தை விட்டுவிட்டு முதலில் மூலத் தரவைத் திறங்கள். அறை வெப்பத்திலிருந்து 800 வரை மொத்த இழப்பை எடுத்துவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

காரைக்குடி ஆய்வு மாணவி

சார், கை நடுங்குகிறது. நீங்கள் சொன்னதுதான். ஈரம் 2.1, கரிமப் பொருள் போகிற 200 முதல் 550 வரை 6.3, கார்பனேட் 37.8. மூன்றையும் கூட்டினால் 46.2. அட்டவணையில் மொத்தம் என்ற வரியிலிருந்து எடுத்துச் சுருக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இணை ஆசிரியர்கள் மூன்று பேர் படித்தும் யார் கண்ணிலும் படவில்லை.

37.8-ஐ 44-ஆல் வகுத்தால் கால்சைட் ஏறக்குறைய 86 சதவீதம் வருகிறது. மேல்பூச்சில் மணல் குறைவுதான், அதனால் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். சரியா சார்?

தேவகோட்டை அண்ணே, டூ தீட்டா எல்லாமே டூ கியூ ஆகித்தான் இருக்கிறது. மொத்தம் 31 இடம்.

மதுரை, பகுப்பாய்வு வேதியியல்

பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை: 200 முதல் 550 வரை போனதை எல்லாம் கரிமப் பொருள் என்று எழுதாதீர்கள். கார்பனேட் ஆகாமல் மிஞ்சிய நீற்றுச் சுண்ணாம்பும் 400, 450 பக்கம்தான் நீரை இழக்கும். பழைய பூச்சில் அது தீர்ந்திருக்கலாம், கொத்தனார் பூசிய புது மாதிரியில் பெரும்பாலும் இருக்கும். எக்ஸ்-கதிரில் 18, 34 டிகிரிப் பக்கம் அதன் உச்சம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் பிரித்துச் சொல்லுங்கள். இந்த இழப்பை வைத்து முட்டைக்கு இவ்வளவு பங்கு என்று வாதிட்டிருந்தால், அந்த வாதமே அதில்தான் நிற்கிறது.

பள்ளத்தூர் பங்காளி

எங்கள் வீடும் இந்த மாதிரிதான், அதனால் அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். யாரிடம் கேட்டு எடுத்தீர்கள்?

காரைக்குடி ஆய்வு மாணவி

வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சியிடம். "கீழே கொட்டிக் கிடக்கிறதுதானே ஆத்தா, அள்ளிக்க" என்றார்கள். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

பள்ளத்தூர் பங்காளி

ஆச்சி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வீடு அவர்கள் ஒருவருடையது இல்லையே. எங்கள் வீட்டில் ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது பங்குக் குடும்பம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத்தான் எல்லோரும் கூடுவோம். ஒரு தூணுக்குச் சாயம் அடிக்கவே ஒன்பது பேரையும் கேட்க வேண்டும். பின்னால் யாராவது "எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டிக் கட்டுரை போட்டார்கள்" என்று சொன்னால் ஆச்சிக்குத்தான் சங்கடம்.

ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், தமிழில். எந்த இடத்திலிருந்து, எவ்வளவு, எதற்காக எடுத்தீர்கள், சுவரைத் தொடவில்லை, வீட்டின் பெயரும் ஊரும் வெளியிடப்படாது. ஆச்சியிடம் நேரில் படித்துக் காட்டி, பங்காளிகளுக்கு அவர்கள் மூலமாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாக அனுப்பினால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். எத்தனை பேர் கையெழுத்து வருகிறதோ அதை மட்டும் கட்டுரையில் எழுதுங்கள். "எல்லா உரிமையாளர்களும் சம்மதித்தனர்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

புதுக்கோட்டை உதவிப் பேராசிரியர்

மறைமுக மதிப்பாய்வுக்கு: தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்குங்கள். கட்டுரையாசிரியர் பெயர், நிறுவனம், நன்றியுரை, நிதி உதவி எல்லாம் அதில். முதன்மைக் கோப்பில் "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று இருந்தால் மூன்றாம் மனிதர் எழுதியது போல மாற்றுங்கள். கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ போய் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டி, 'ரிமூவ் ஆல்' கொடுத்தால் நீங்கிவிடும்.

நன்றியுரையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

காரைக்குடி ஆய்வு மாணவி

கருவி வசதிக்குத் துறைக்கு நன்றி. அப்புறம் "மாதிரி தயாரித்த உள்ளூர் கொத்தனாருக்கு நன்றி".

புதுக்கோட்டை உதவிப் பேராசிரியர்

பெயர் இல்லாமலா? வெல்லம் எவ்வளவு, எத்தனை நாள் புளிக்க வேண்டும், எந்தப் பதத்தில் வெள்ளைக்கருவைச் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் யார் சொன்னது? உங்கள் செய்முறைப் பகுதியே அவர் வாயிலிருந்து வந்ததுதானே.

திருச்சி, இயற்பியல் துறை

கூலி கொடுத்துத்தானே வாங்கினார்கள். கருவி இயக்குபவர் பெயரையே பலர் போடுவதில்லை. இதைப் பெரிதாக்க வேண்டாமே.

புதுக்கோட்டை உதவிப் பேராசிரியர்

கூலி பூசினதற்கு. பக்குவம் சொன்னதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறியைப் பிற துறைகளிலும் பலர் பின்பற்றுகிறார்கள். கட்டுரையாசிரியர் ஆக நான்கும் வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு. நான்கில் ஒன்று குறைந்தாலும் நன்றியுரையில் பெயரோடு, என்ன செய்தார் என்ற விவரத்தோடு. அதற்கும் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். நாளைக்கு இந்தப் பக்குவத்தைத் தேடி வருகிறவர், அது யார் கையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வரிதான் இருக்கும்.

காரைக்குடி ஆய்வு மாணவி

பத்து நாள் ஆகிவிட்டது. நேற்று இரவு ஏற்றிவிட்டேன், விவரம் சொல்லிவிடுகிறேன்.

31 இடத்தையும் கையால் மாற்றினேன். இணையதளம் கோர்த்த பி.டி.எஃப்-ஐ ஒப்புதல் கொடுக்கும் முன் அச்செடுத்து, வழிகாட்டி ஒரு பிரதி, நான் ஒரு பிரதி, வரி வரியாகப் படித்தோம். அதிலும் ஒரு படத்தின் அச்சுக் குறிப்பில் டெல்டா விட்டுப்போயிருந்தது. ஆரிஜினிலும் சிம்பல் ஃபான்ட்தான் இருந்திருக்கிறது. புது மாதிரியில் 18 டிகிரியில் சின்ன உச்சம் இருந்தது சார், 34-லும் இருந்தது. அந்தப் பத்தியை முழுவதும் திருப்பி எழுதினோம். முட்டைக்கு முன்பு சொன்ன அளவு பங்கு இப்போது இல்லை, இருப்பதை இருக்கிற அளவுக்கே சொல்லியிருக்கிறோம்.

பங்காளிகள் ஏழு பேரில் ஐந்து பேர் கையெழுத்து வந்தது. ஐந்து என்றே எழுதினோம்.

கொத்தனாரைப் பார்க்க, அவர் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். பூசி முடித்த சுவரைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். நன்றியுரை வரியைத் தமிழில் சொன்னேன். கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். கைபேசியில் காட்டினேன். ஆங்கில எழுத்தில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா பேரையும் சேரு. பதம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அவருதான்" என்றார்.

சேர்த்துவிட்டேன். இன்று காலை பார்த்தபோது, கட்டுரை ஆய்விதழ் ஆசிரியரிடம் போயிருக்கிறது.