ரெண்டு மேட்ச் ஜெயித்தவர் வெளியே, ஒன்று ஜெயித்தவருக்குக் கோப்பை: டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் கணக்கு யாராவது சொல்லுங்களேன்

நுங்கம்பாக்கம் கேலரி கேட்டது:

டென்னிஸுக்கு நான் கொஞ்சம் புதுசு. ஆண்கள் டென்னிஸ் அவ்வப்போது பார்ப்பேன், பெண்கள் டென்னிஸை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது 2025 சென்னை ஓப்பனில்தான். நவம்பர் 2 அன்று ஜானிஸ் ஜென் கோப்பை வாங்கியதை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நேரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், ரியாத்தில், வருஷத்தின் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் டபிள்யூடிஏ ஃபைனல்ஸில், பெகுலாவும் கோகோ காஃபும் மூன்றாவது செட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ரைபாகினா ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பையைத் தூக்கும்வரை ஒரு நாள் விடவில்லை.

அந்த வருஷம் கணக்குப் போடும் வேலையே இல்லை. ஒரு குரூப்பில் சபலென்கா மூன்றும் ஜெயித்தார், பெகுலா இரண்டு. இன்னொன்றில் ரைபாகினா மூன்று, அனிசிமோவா இரண்டு. குரூப்புக்கு நாலு பேர், ஆளுக்கு மூன்று மேட்ச், முதல் இரண்டு பேர் அரையிறுதி, அவ்வளவுதான். அப்புறம் பழைய வருஷங்களைத் தோண்டிப் பார்த்தேன், அங்கேதான் தலை சுற்றுகிறது. 2024ல் ஸ்வியாடெக் மூன்றில் இரண்டு ஜெயித்திருக்கிறார், ஆனால் அரையிறுதியில் பெயர் இல்லை. 2015ல் ரட்வன்ஸ்கா குரூப்பில் ஜெயித்ததே ஒரு மேட்ச்தான், கடைசியில் கோப்பையே அவருக்கு! வருஷம் முழுக்க ஓடி முதல் எட்டுக்குள் வந்தவர்களை வைத்து இப்படி ஒரு விளையாட்டா? பேசாமல் காலிறுதி, அரையிறுதி என்று நாக் அவுட் வைத்துவிட்டால் என்ன?

---

டைபிரேக் தாத்தா பதில்:

வாங்க தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்). நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு உதாரணத்துக்கும் பதில் ஒன்றுதான்: தோற்ற மேட்சில் எடுத்த செட்.

இரண்டு பேர் சமமாக நின்றால் அவர்கள் இருவருக்கும் நடந்த மேட்சில் யார் ஜெயித்தாரோ அவர் மேலே, அதில் குழப்பம் இல்லை. மூன்று பேர் சமமாக நின்றால் அது செல்லாது, ஏனென்றால் பெரும்பாலும் அ ஆவை அடித்திருப்பார், ஆ இயை அடித்திருப்பார், இ அவை அடித்திருப்பார், வட்டமாகச் சுற்றும். அதனால் ஆடிய செட்களில் எத்தனை சதவீதம் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள், அதிலும் பிரியவில்லை என்றால் கேம் சதவீதம்.

இப்போது 2015ஐ எடுங்கள். ஷரபோவா மூன்றையும் ஜெயித்துவிட்டார். மிச்சமிருந்த ரட்வன்ஸ்கா, ஹாலெப், பென்னெட்டா மூவருக்கும் ஆளுக்கு ஒரு வெற்றி. மூவரும் ஷரபோவாவிடம் தோற்றவர்கள்தான், ஆனால் ஹாலெப்பும் பென்னெட்டாவும் நேர் செட்டில் (ஒரு செட்கூட எடுக்காமல்) தோற்றார்கள், ரட்வன்ஸ்கா மட்டும் 6-4, 3-6, 4-6 என்று ஒரு செட் பிடுங்கிவிட்டுத் தோற்றார். இவர்கள் மூவரும் தங்களுக்குள் ஆடியதெல்லாம் நேர் செட். ஆக ரட்வன்ஸ்கா 7 செட்டில் 3, மற்ற இருவரும் 6ல் 2. அந்த ஒரு செட்தான் அவரை அரையிறுதிக்குத் தள்ளியது. அங்கே முகுருசா, இறுதியில் கிவிட்டோவா, இரண்டுமே மூன்று செட். கிவிட்டோவாவும் குரூப்பில் ஒரே ஒரு வெற்றியோடு வந்தவர்தான் என்பது இன்னும் வேடிக்கை.

அடுத்த வருஷமும் இதே கதை. 2016ல் சிபுல்கோவா முதல் இரண்டு மேட்சையும் தோற்றார், ஆனால் கெர்பரிடம் ஒரு செட் எடுத்திருந்தார். ஹாலெப்பை நேர் செட்டில் அடித்து 7க்கு 3 என்று அதே கணக்கில் உள்ளே வந்து, இறுதியில் அதே கெர்பரை 6-3, 6-4 என்று வீட்டுக்கு அனுப்பினார்.

எனக்கு இந்தப் போட்டி பிடிப்பதே இதனால்தான். மற்ற போட்டிகளில் தோற்றால் தோற்றதுதான், பெட்டியைக் கட்டிவிடலாம். இங்கே 1-5 என்று பின்தங்கி நிற்கிறவர்கூட ஒரு கேமுக்காக நாயாய் ஓடுவார், ஏனென்றால் வியாழக்கிழமை கணக்கில் அந்த ஒரு கேம் வந்து நிற்கலாம்.

---

கல்லாங் வாசி பதில்:

தாத்தா ஒரு முக்கியமான வருஷத்தை விட்டுவிட்டார். 2014, சிங்கப்பூரில் நடந்த முதல் வருஷம். நான் இங்கே உள்ளூர்வாசி, ஐந்து வருஷமும் இன்டோர் ஸ்டேடியத்துக்குப் போனவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பில் ஹாலெப் செரீனாவை 6-0, 6-2 என்று துவைத்தார். மொத்த மேட்சில் செரீனாவுக்கு இரண்டே கேம்! கடைசி நாளில் நிலைமை என்னவென்றால் இவானோவிச் ஹாலெப்பை நேர் செட்டில் அடித்தால் மூவருக்கும் இரண்டு வெற்றி, மூவருக்கும் செட் 4-2, அப்புறம் கேம் கணக்கு, அதில் அந்த 6-0, 6-2 செரீனாவைக் கீழே இழுத்துவிடும். ஹாலெப் எப்படியும் உள்ளே. தோற்றுப்போனால்கூட அவருக்கு நஷ்டமில்லை, செரீனா ஒழிந்தார் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். முதல் செட்டை இவானோவிச் டைபிரேக்கில் (6-6 ஆனதும் பாயின்ட் கணக்கில் ஆடும் கேம்) எடுத்தார். இரண்டாவது செட்டை ஹாலெப் 6-3 என்று எடுத்தாரே, அந்த நிமிஷம் இவானோவிச் வெளியே, செரீனா உள்ளே. மேட்சை இவானோவிச்தான் ஜெயித்தார், ஆனால் பிரயோஜனம் இல்லை. செரீனா அரையிறுதியில் வோஸ்னியாக்கியிடம் முதல் செட்டை இழந்து, மூன்றாவது செட் டைபிரேக்கில் தப்பித்து, இறுதியில் யாரை அடித்தார் தெரியுமா? தன்னை உள்ளே விட்ட ஹாலெப்பை, 6-3, 6-0.

நேரில் பார்க்கிறவனுக்கு இந்த குரூப் முறையில் வேறு ஒரு தலைவலி. டிக்கெட் வாங்குவது மாதக்கணக்கில் முன்னால், யார் எந்த நாள் ஆடுவார்கள் என்பது தெரியாது. ஒரு வருஷம் நான் கிவிட்டோவாவைப் பார்க்கத்தான் லீவு போட்டு மத்தியான செஷனுக்கு வாங்கினேன், ஆட்ட வரிசை வந்தபோது அவர் மறுநாள். கிடைத்தது ஒரு டபுள்ஸும், எனக்கு அவ்வளவாக ஆர்வமில்லாத ஒரு சிங்கிள்ஸும். ஆனால் சொல்லக்கூடாது, அந்த டபுள்ஸ் நன்றாக இருந்தது. ஊதா நிறத் தரை, சுற்றி இருட்டு, தரையில் மட்டும் வெளிச்சம், ஷூ கிறீச்சிடும் சத்தம் மேல் வரிசைவரை கேட்கும். டிவியில் அது வராது.

---

வலை ஓரம் பதில்:

டபுள்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, யாருமே சானியாவைப் பற்றிப் பேசவில்லையே? 2014ல் காரா பிளாக்கோடு, 2015ல் ஹிங்கிஸோடு, இரண்டு வருஷமும் சிங்கப்பூரில் கோப்பை அவருக்கு. 2014 இறுதியில் 6-1, 6-0. சிங்கிள்ஸுக்குக் காத்திருந்து டபுள்ஸ் ஆரம்பித்ததும் டீ குடிக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

---

கோடு தொட்ட பந்து பதில்:

எல்லாம் சரி, நான் கேள்வி கேட்டவர் கட்சி. குரூப் முறை ஸ்பான்சருக்கும் டிக்கெட் விற்பனைக்கும் வசதி, பெரிய பெயர்கள் மூன்று மேட்சாவது ஆடியே தீருவார்கள். அதற்காக ஒரு மேட்ச் ஜெயித்தவர் சாம்பியன் ஆவதை அழகு என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் போட்டி முன்பு நாக் அவுட்டாகவும் நடந்திருக்கிறது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த காலத்தில் 1984லிருந்து 1998வரை இறுதி ஆட்டமே ஐந்து செட். 1990ல் செலஸும் சபாட்டினியும் ஐந்து செட்டும் ஆடினார்கள். அது போட்டி!

இன்னொன்று, வருஷக் கடைசியில் எல்லோரும் முட்டியிலும் தோளிலும் டேப் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். 2024ல் பெகுலா பாதியில் விலகி கசட்கினா வந்தார், 2025ல் கீஸ் விலகி அலெக்சாண்ட்ரோவா. மாற்று ஆளாக வந்து ஒரே மேட்ச் ஆடுகிறவரை வைத்து குரூப் முடிவாவது எனக்கு ஒட்டவே ஒட்டாது. ரியாத்துக்குப் போனது பற்றி வேறு எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, பழைய சாம்பியன்கள் எவர்ட்டும் நவ்ரதிலோவாவும் 2024 ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று எழுதினார்கள், ஆனால் அதைத் தொட்டால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

---

டைபிரேக் தாத்தா பதில்:

ரியாத் பற்றி உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பரிசுப் பணம் ஏறியது உண்மை, ரைபாகினா தோற்காமல் ஜெயித்ததற்கு 52 லட்சத்து 35 ஆயிரம் டாலர். ஆனால் இடம் நிலையாக இல்லாததுதான் இந்தப் போட்டியின் பழைய வியாதி. ஷென்சென் பத்து வருஷம் என்று கையெழுத்துப் போட்டார்கள், 2019 ஒரே வருஷத்தோடு சரி. அப்புறம் குவாடலஹாரா, ஃபோர்ட் வொர்த், கான்கூன் என்று வருஷத்துக்கு ஓர் ஊர்.

கான்கூனைக் காலையில் பார்த்த கொடுமையைச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே இரவு 8 என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. காபி டம்ளரோடு உட்கார்ந்தால் திறந்தவெளியில் காற்று அடிக்கிறது, சர்வீஸுக்குத் தூக்கிப் போட்ட பந்து வேறு பக்கம் போகிறது, மழை வந்து கோர்ட்டைத் துடைக்கிறார்கள், நான் ஆபீஸுக்குக் கிளம்புகிறேன். ஸ்வியாடெக், சபலென்கா அரையிறுதி 2-1 என்ற நிலையில் நின்று அடுத்த நாளுக்குப் போனது. இறுதி ஆட்டம் திங்கட்கிழமை, ஸ்வியாடெக் பெகுலாவை 6-1, 6-0. இவ்வளவு காத்திருந்ததற்கு ஒரே ஒரு கேம் அந்தப் பக்கம்! ரியாத் நமக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 8.30. பார்க்கிறவன் வசதியை மட்டும் வைத்துச் சொன்னால் சொர்க்கம்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை: நவம்பருக்காகக் காத்திருக்காதீர்கள். யுஎஸ் ஓப்பன் முடிந்ததும் ரேஸ் பட்டியலை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அது 52 வாரத் தரவரிசை இல்லை, ஜனவரியிலிருந்து எடுத்த புள்ளிகள் மட்டும். முதல் ஏழு பேர் நேராக, எட்டாவது இடத்துக்கு கிராண்ட் ஸ்லாம் ஜெயித்து இருபதுக்குள் இருக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு முன்னுரிமை. 2024ல் கிரெஜ்சிகோவா விம்பிள்டனைக் காட்டி அப்படித்தான் வந்தார். 2025ல் எட்டாவது இடத்துக்கு ஆண்ட்ரீவாவும் ரைபாகினாவும் போட்டி. ரைபாகினா நிங்போவில் கோப்பை வாங்கி, டோக்கியோவில் காலிறுதியை ஜெயித்து இடத்தை உறுதி செய்துவிட்டு, முதுகு வலி என்று அரையிறுதியிலிருந்து விலகினார். கடைசி ஆளாக ஏறியவர் கோப்பையோடு இறங்கினார். இறுதியில் இரண்டாவது செட் டைபிரேக் 7-0, உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான சபலென்காவுக்கு அதில் ஒரு பாயின்ட்கூட இல்லை. அக்டோபரிலிருந்து பார்த்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

---

நுங்கம்பாக்கம் கேலரி பதில்:

எல்லோருக்கும் நன்றி. (தம்பிதான் தாத்தா.) நேற்று ராத்திரி ஒரு பழைய நோட்டை எடுத்து 2024 குரூப்பைப் போட்டுப் பார்த்தேன். கிரெஜ்சிகோவா, காஃப், ஸ்வியாடெக் மூவருக்கும் இரண்டு வெற்றி. செட் கிரெஜ்சிகோவாவுக்கு 5-2, காஃபுக்கு 4-2, ஸ்வியாடெக்குக்கு 4-3. நீங்கள் சொன்ன 2014ம் இதே 5-2, 4-2, 4-3 தானே? இரண்டு தடவையும் நடுவில் இருந்த 4-2 தான் கோப்பை வாங்கியிருக்கிறார், காஃப் இறுதியில் ஒரு செட்டும், அடுத்த செட்டில் ஒரு பிரேக்கும் (தன் சர்வீஸ் கேமை இழப்பது) பின்தங்கி ஜெயித்தார்.

ஸ்வியாடெக் கசட்கினாவை 6-1, 6-0 என்று அடித்தும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கிரெஜ்சிகோவாவை 4-6, 7-5, 6-2 என்று ஜெயித்தாரே, அந்த முதல் செட்டை மட்டும் 6-4 என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அடுத்த 7-5 அப்படியே இருக்கட்டும், மூன்றாவது செட்டே கிடையாது. மூவருக்கும் 4-2, அதனால் கேம் சதவீதம்: ஸ்வியாடெக் 59.3, காஃப் 56.9, கிரெஜ்சிகோவா 54.8. குரூப்பில் முதலிடம்! ஒரு செட்டில் முதலிடத்துக்கும் வெளியேறுவதற்கும் வித்தியாசம்.

நாக் அவுட் வேண்டும் என்று கேட்டதை இப்போதைக்கு வாபஸ் வாங்குகிறேன். கோடு தொட்ட பந்து கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

கோடு தொட்ட பந்து பதில்:

கோபம் இல்லை. ஆனால் அந்த 59.3ல் கசட்கினாவிடம் எடுத்த 12-1ஐக் கழித்துவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.